அண்ணாவியாரும் சர்வகலாசாலையும்

"கூத்தாடுவதற்கும் ஒரு பட்டமா?" என்னும் கேள்வி எமக்குப் புதியதன்று. சர்வகலாசாலைக்குத் தெரிவாகி, 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தை எடுத்திருக்கிறோம் என்று ஊரிற் சொன்ன நாள் முதலாக அதனைக் கேட்டு வருகிறோம். சென்ற விடுமுறையில் கதிரவெளிக்கு வந்திருந்தபோது, கோயில் வீதியில் நின்ற மன்றத்துப் பெரியவர் ஒருவர் எம்மை மறித்து, "என்ன மனே, ஆட்டம் பழகுறதுக்கும் கம்பசுக்குப் போகணுமா? எங்கட காலத்தில களரிக்குப் போனாக் காணும்" என்று சிரித்தார். அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. தம் இளமையில் விடியும்வரை ஆடியவர் அவர். மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமென்று கேட்டபோது, அன்று எம்மாற் சொல்ல முடியாமற் போன விடையை எழுதிப் பார்ப்பதென்று துணிந்தோம்.

நாம் கல்வி பயின்றது மிஷன் பாடசாலையொன்றில். அங்கே நத்தார்க் காலந்தோறும் நாடகம் உண்டு, மேடை உண்டு, இழுத்தால் விலகுகின்ற சிவப்புத் திரை உண்டு. 'வெனிஸ் வணிகனி'ல் நீதிமன்றக் காட்சியை ஆங்கிலத்தில் ஒப்புவித்துப் பரிசும் பெற்றோம். ஊருக்குத் திரும்பினால் களரியில் மத்தளம் முழங்கும். ஒன்று நாடகம், மற்றது கூத்து. முன்னது படித்தவர்க்குரியது, பின்னது படியாதவர்க்குரியது என்ற எண்ணம், எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே எம்முள் ஊறிப்போயிருந்தது. இந்தப் பிரிவினை எவ்வாறு உண்டாயிற்று, அதனைச் சர்வகலாசாலை எவ்வாறு உடைக்க முயன்றது, உடைத்ததில் எதனைப் பெற்றது, எதனை இழந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்விரு கரைகளுக்கும் இடையே முதலிற் பாலமிட எண்ணிய அறிஞரும் மிஷன் பாடசாலையிற் படித்தவரே என்பது எமக்குப் பெருமை தருவதொன்று. 1892 மார்ச் 27இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்ற மயில்வாகனனாரே பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர் ஆனார். அவரை யாழ் நூலுக்காகவே நாம் பெரிதும் போற்றுகிறோம். ஆயின், அந்நூல் 1947இல் வெளிவருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, 1926இல், மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அவருடைய 'மதங்க சூளாமணி' வெளிவந்துவிட்டது. மதங்கர் என்றால் கூத்தர். கூத்தருட் சூளாமணியாக அவர் முடிசூட்டியது ஷேக்ஸ்பியருக்கு. 'செகசிற்பியார்' என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் இட்டார்! அம்மகாகவியின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்து, ஒருபுறம் வடமொழித் தசரூபகத்தையும் மறுபுறம் சிலப்பதிகாரத்தையும் வைத்துக்கொண்டு, தமிழுக்கு ஒரு நாடக இலக்கணம் சமைக்க முயன்ற நூல் அது.

நடிப்பைப் படிக்கப் புகுந்த எம்மை அந்நூல் இட்டுச் சென்ற இடம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையுமாகும். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவிட்டுச் சமைத்த அரங்கு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரை. இவை பலரும் அறிந்தவை. பலரும் அறியாதது, அவ்வுரையிற் காணப்படும் இருபத்துநான்கு அவிநயங்கள். வெகுண்டோன், ஐயமுற்றோன், சோம்பினோன், களித்தோன், நாணமுற்றோன் என்பவற்றை எவரும் எதிர்பார்ப்பர். அதற்கு அப்பாலும் செல்கிறது அப்பட்டியல்: உறங்கினோன், துயிலுணர்ந்தோன், மழை பெய்யப்பட்டோன், வெயில் தலைப்பட்டோன், கண்நோவுற்றோன், தலைநோவுற்றோன், நஞ்சுண்டோன், செத்தோன். தலைவலி வந்தவனை எவ்வாறு நடித்துக் காட்டுவது, கண்வலி வந்தவனுக்கும் அவனுக்கும் உடலில் என்ன வேறுபாடு என்றெல்லாம் எண்ணி, ஒவ்வொருவர்க்கும் உறுப்புக்கள் நிற்க வேண்டிய நிலையைத் தனித்தனியே வகுத்திருக்கிறார்கள். விரிவுரை மண்டபத்தில் இதனை முதன்முறை வாசித்த அன்று, நாமும் நண்பர்களும் மாலைவரை ஒருவர்க்கொருவர் நஞ்சுண்டோராகவும் வெயில் தலைப்பட்டோராகவும் நடித்துக் களைத்தோம். நடிப்பென்பது பிறவிக் குணமன்று, பகுத்து ஆராய்ந்து பயிலத்தக்க வித்தை என்று நம் முன்னோர் கண்டிருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கே பணிவோடு ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த சுவாமிகள் எழுதிய அந்நாடக நூலின் பொருள் மட்டக்களப்புக் கூத்தன்று. சிலம்பின் அரங்கையும் இலண்டன் அரங்கையும் ஒப்புநோக்கிய அப்பெருமகனாரின் காலத்தில், கற்றோர் எவரும் களரியைக் கல்விக்குரிய பொருளாக எண்ணும் நிலை பிறந்திருக்கவில்லை. அது அவருடைய குறையன்று, அக்காலத்தின் குறை.

இலங்கைச் சர்வகலாசாலை 1942இல் தோன்றியது. 1943இல் சுவாமிகள் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947 யூலை 19இல் அவர் மறைந்தபின் அப்பீடத்துக்கு வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, வடமராட்சிப் பேச்சுத் தமிழைத் துணிவோடு மேடையேற்றியவர். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய அவருடைய நாடகங்களில் ஊர் மனிதர் ஊர்ப் பேச்சையே பேசினர். மன்னரும் முனிவரும் செந்தமிழில் நீட்டி முழக்கிய காலத்தில் அது சிறிய காரியமன்று. ஆயினும் அவையும் திரைச்சீலைக்குப் பின்னிருந்து வந்த நாடகங்களே. களரி இன்னும் சர்வகலாசாலையின் வாசலை மிதிக்கவில்லை.

அது உள்ளே வந்த கதைக்குச் சற்றே சுற்றுவழியாகச் செல்ல வேண்டும். ஏனெனில் முதலில் வழி திறந்தது சிங்கள நாடகம். சர்வகலாசாலையின் கலைப்பகுதி 1952இல் பேராதனைக்குச் சென்றது. அங்கே விரிவுரையாளராயிருந்த எதிரிவீர சரச்சந்திரர் சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். யப்பான் சென்று நோ, கபுக்கி நாடகங்களைக் கண்டு வந்தவர். அவர் தம் மாணவரைக் கொண்டு ஆக்கிய 'மனமே' 1956 நவெம்பர் 3இல் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. அதற்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் அம்பலாங்கொடையைச் சேர்ந்த நாடகம ஆசிரியர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. எந்தப் பட்டமும் இல்லாத கிராமத்து ஆசான் ஒருவரிடம் சர்வகலாசாலை மாணவர் நடிப்புப் பயின்றனர். சிங்கள அரங்கு அன்றோடு புதுவழி கண்டது என்று அவர்களே கூறுவர்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சரச்சந்திரர் கையாண்ட 'நாடகம' என்னும் அக்கலை, பெயரே காட்டுமாப்போல, தமிழ்க் கூத்தின் வழிவந்தது. கத்தோலிக்கக் கூத்துக்கள் வழியாகச் சிங்களக் கரையோரத்தில் வேரூன்றி வளர்ந்தது. எம் வீட்டு விதை அயல் வீட்டில் மரமாகிக் காய்த்த பின்னரே, வீட்டு முற்றத்தில் நின்ற தாய்மரத்தை நாம் திரும்பிப் பார்த்தோம்.

திரும்பிப் பார்க்கச் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1924இல் தெல்லிப்பழையிற் பிறந்து, இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையிற் கற்பித்தவர். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகி, 1989இல் மறைந்தவர். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், அவர் மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளுக்கு நேரே சென்று களரிகளைப் பார்த்தார். அண்ணாவிமாரை அழைத்து மகாநாடுகள் கூட்டினார். பாடசாலைகளிற் கூத்துப் போட்டிகள் நடத்தினார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்களைப் பதிப்பித்தார்; தென்மோடிக் கூத்தாகிய 'அலங்காரரூபன் நாடகம்' 1962இல் அச்சேறியது அவ்வாறே. இவை யாவும் நன்று. ஆயின் எல்லாவற்றிலும் மேலானது, அண்ணாவியாரை அவர் பேராதனைக்கே வரவழைத்துத் தம் மாணவர்க்கு ஆசானாக்கியதுதான். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' என நான்கு கூத்துக்கள் அவருடைய நெறியாள்கையில் அடுத்தடுத்து அரங்கேறின.

கர்ணனாகவும் பின்னர் இராவணனாகவும் ஆடிய மாணவர் சி. மௌனகுரு மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்தவர். வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்திற் படித்துப் பேராதனை சென்றவர். 'இராவணேசன்' எழுத்துருவையும் அவரே எழுதினார். இராவணனை அரக்கனாக அன்றி, தன் பிழையைத் தானே உணர்ந்தும் மானத்தின் பொருட்டுப் போர்க்களம் செல்லும் வீரனாகக் காட்டிய கூத்து அது. பட்டப் படிப்பு மாணவர் ஒருவர் எழுதிய கூத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டு வருகிறதென்றால், எம்மைப் போன்றோர்க்கு அது தரும் உற்சாகத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

எமது ஊராருக்கு இராமகதை தொலைவிலுள்ள கதையன்று. கதிரவெளியிற் கற்பலகைகளால் ஆன பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள்ள இடத்தை 'குரங்கு படையெடுத்த வேம்பு' என்றே நாம் அழைத்து வருகிறோம். ஆராய்ச்சியாளர் அங்கே ஆதிகுடிகளின் அடக்கத்தைக் காண்பர். எமது பாட்டிமார் வானரப் படையின் பாசறையைக் கண்டனர். இப்படிப்பட்ட ஊரில் இராவணன் களரிக்கு வந்தால், யாரும் அவனை விசாரிக்க வேண்டியதில்லை. இருக்க இடம் விட்டுக் கொடுப்பார்கள்.

இனி, அண்ணாவியார் எதனைக் கற்பித்தார் என்று பார்ப்போம். மலரை வாசிக்கும் பெரியவர்கள் இப்பகுதியிற் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும். அவர்கள் காலிற் பழகியதை நாம் கையால் எழுதுகிறோம்.

கூத்துப் பழக்கம் தொடங்குவது நல்லநாள் பார்த்துச் சட்டங்கொடுப்பதோடு. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அன்று தீர்மானமாகும். அண்ணாவியார் ஆளின் உயரத்தையும் குரலையும் பார்ப்பார். நடந்துவரும் நடையைப் பார்ப்பார். குடும்பத்தில் முன்னர் யார் என்ன ஆடினார் என்பதையும் மனத்திற் கொள்வார். அதன்பின் மாதக்கணக்கிற் பழக்கம். முதலிற் பாட்டன்று, தாளக்கட்டு. அதனை வாயாற் சொல்லிச் சொல்லிக் காலில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுத் தாளம் வேறு. அரசன் வருவதுபோல் மந்திரி வருவதில்லை, மந்திரி வருவதுபோல் கட்டியகாரன் வருவதில்லை. வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி, குத்துநிலை என்று ஆட்டங்களுக்குப் பெயருண்டு. காலில் இவை நின்ற பின்னரே கொப்பியிலுள்ள விருத்தமும் தருவும் வசனமும். பின்னர் சதங்கை அணி விழா, அதன்பின் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். வடமோடி அரசனுக்குக் கரப்பு உடுப்பும் கிரீடமும் உண்டு. அப்பாரத்தைத் தாங்கிக்கொண்டு சுழன்றாடி, ஆடிய மூச்சு அடங்குமுன் பாட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடற்காற்றையும் வென்று அக்குரல் கடைசிப் பாயில் இருந்த கிழவிக்கும் கேட்க வேண்டியிருந்தது.

இத்தனையும் பயின்ற பின்னரே ஒருவன் ஆட்டக்காரன் எனப்பட்டான். சர்வகலாசாலையில் நாம் 'உடற்பயிற்சி', 'குரற்பயிற்சி', 'தாள உணர்வு', 'பாத்திர வார்ப்பு' என்று வெவ்வேறு நேரசூசியிற் படிப்பவை அனைத்தும் களரியில் ஒரே மூச்சிற் கற்பிக்கப்பட்டன. ஆகையால் எமது பெரியவர் கேட்டது நியாயமே: அப்படியானால் கம்பஸ் எதற்கு?

எமது விடை எமக்கு ஏற்பட்ட ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. அதனையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாம் வருடம் முடிந்து ஊர் வந்த நாட்களில் களரியிற் 'கர்ணன் போர்' பழகிக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் படித்த செருக்கு எம் தலையில் இருந்தது. மொஸ்கோ கலை அரங்கை 1898இல் நிறுவிய ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, நடிகன் பாத்திரத்தின் உள்ளத்துள் நுழைந்து, அப்பாத்திரம் உணர்வதைத் தானும் உணர வேண்டும் என்று போதித்ததை அப்போதுதான் வாசித்திருந்தோம். கர்ணன் களத்தில் விழும் இடத்தை ஆடிய பையனின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கால் மாத்திரம் தாளம் தவறாமல் ஆடியது. நாம் எழுந்து சென்று, "அண்ணாவியார், இந்த இடத்தில் ஆட்டத்தைக் குறைத்து, கர்ணன் மனம் உடைந்து அழுவதாகக் காட்டினால் நல்லாயிருக்கும்" என்றோம். அவர் கோபிக்கவில்லை. "சரி மனே, நீயே ஆடிக் காட்டு" என்று சல்லரியைக் கையிலெடுத்தார். நாம் எம்மாலியன்ற மட்டும் அழுது காட்டினோம், கண்ணீரும் வந்தது. முன்னால் இருந்த சிலர் உச்சுக்கொட்டினர். எமக்குப் பின்னால் இருந்த சிறுவர் சத்தமாகக் கதைக்கத் தொடங்கினர்.

அண்ணாவியார் தாளத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பின்னால இருக்கிற சனத்துக்கு நீ அழுறது எப்படித் தெரியும்?"

அந்த ஒரு கேள்வியில், ஒரு வருட விரிவுரையில் விளங்காத ஒன்று விளங்கிற்று. களரி வட்டமானது. நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும்; அவர்களைச் சுற்றி ஆடுவோர்; அவர்களையும் சுற்றி ஊர். எந்த நேரத்திலும் பார்ப்போரிற் பாதிப்பேருக்கு ஆடுபவனின் முதுகுதான் தெரியும். ஆகவே முகத்தில் மாத்திரம் இருக்கும் துயரம் அங்கே பாதி ஊருக்கு இல்லாத துயரமாகும். துயரத்தைக் காலில் ஏற்ற வேண்டும். தோளில் ஏற்ற வேண்டும். ஆடுபவன் பாடி விட்டதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பத் திரும்பப் படித்து எண்திசைக்கும் கொடுக்க வேண்டும். அப்பையனின் முகம் வெறுமையாயிருந்தது அறியாமையால் அன்று, அக்களரியின் இலக்கணத்தால். இருபத்துநான்கு அவிநயங்களோ, ஒருபுறம் மட்டும் திறந்து மற்றப்புறம் எழினி தொங்கிய, கோல் கொண்டு அளந்த அரங்குக்கு எழுந்தவை. சனம் எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டே நடிப்பின் இலக்கணம் பிறக்கிறது என்பதை அன்று கண்டோம்.

இதனைக் கையில் வைத்துக்கொண்டு பேராதனை வரலாற்றை மறுபடி நோக்கினால், வித்தியானந்தனார் செய்த மாற்றத்தின் பருமன் தெரியவரும். விடியவிடிய ஆடிய கூத்தை இரண்டு மணித்தியாலத்துள் அடக்கினார் என்று பலரும் எழுதுவர். பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிய வழக்கை விட்டு மாணவிகளையும் ஆடச் செய்தார் என்று பாராட்டுவர். உண்மையே. ஆயின் அடிப்படையான மாற்றம், வட்டக் களரியைப் படச்சட்ட மேடைக்கு மாற்றியதாகும். சனம் முழுவதும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவிலிருந்து மேடையோரத்துக்குப் போனார்கள். அவ்வளவில் ஆடுபவனின் முகம் எல்லோர்க்கும் தெரியத் தொடங்கிற்று. தெரியும் முகத்தை வெறுமையாக விடல் ஆகாது. எனவேதான் 'இராவணேசன்' இராவணனுக்கு ஆட்டத்தோடு மெய்ப்பாடும் வேண்டியதாயிற்று. மகனை இழந்த தந்தையின் துயரமும், மண்டோதரி முன் தடுமாறும் கணவனின் மனமும் முகத்தில் எழுதப்பட வேண்டியதாயிற்று. கூத்தின் காலும் நாடகத்தின் முகமும் ஒரே உடலிற் சேர்ந்தன. எமக்குத் தெரிந்தவரை, ஈழத்துத் தமிழ்ச் சர்வகலாசாலை நடிப்புக் கல்விக்கு அளித்த பெருங்கொடை இதுவே.

பிறநாட்டாரும் இதே சிக்கலை எதிர்த்திசையிலிருந்து எதிர்கொண்டனர். ஜேர்மானிய நாடகாசிரியர் பிறெக்ற், நாடு நீங்கி வாழ்ந்த காலத்தில், 1935இல் மொஸ்கோவிற் சீன நடிகர் மெய் லான்பாங் ஆடியதைக் கண்டு வியந்தார். நடிகன் பாத்திரத்துள் கரைந்துவிடாது, அதன் அருகே நின்று அதனைக் காட்டுவது அவரைக் கவர்ந்தது. அதுபற்றி அவர் எழுதியதை உலகத்து நாடகக் கல்லூரிகள் யாவும் இன்று பாடமாக்கியுள்ளன. எமது களரியில், வரவின்போது அரசன் தன்னைப் பற்றியே 'அவன் வருகிறான்' என்று படர்க்கையிற் பாடிக்கொண்டு வருவதை ஊரார் அறிவர். தானே அரசன், தானே அரசனைச் சொல்பவன். இதனை நாம் அண்ணாவியாரிடம் விளக்கியபோது, "சீனாக்காரனும் அப்படித்தான் ஆடுறானா?" என்று கேட்டு மகிழ்ந்தார். பிறெக்ற் பெயர் அவர் மனத்தில் நின்றதாகத் தெரியவில்லை; நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

பேராதனையிற் பிறந்த இக்கல்வி பின்னர் எமது மாகாணத்துக்கே வந்தது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது வந்தாறுமூலை மகா வித்தியாலய வளவில். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மௌனகுரு மாணவனாகக் கூத்தாடிய அதே வளவு! அவர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஈற்றில் அங்கே நுண்கலைப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கல்லடியில் 1982இல் ஆரம்பமான இசை நடனக் கல்லூரி, விபுலாநந்தர் பெயரைத் தாங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. அவர் தம் சமாதி கொண்ட கல்லடியிலேயே இன்று நாடகமும் அரங்கியலும் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 'இராவணேசன்' கூட 2000ஆம் ஆண்டின் பின் மட்டக்களப்பிற் புதிய மாணவரால் மீண்டும் ஆடப்பட்டது.

இங்கே ஒரு வழக்கும் எழுந்தது. அதனை இரு பக்கமும் நின்று கேட்பது மாணவர் கடன். கூத்தைச் செம்மைப்படுத்தி மேடைக்கு ஏற்றுவதாற் கூத்தின் புகழ் வளர்ந்தது, ஆனால் ஊர்க்களரிக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் உளர். அதே கிழக்குப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் சி. ஜெயசங்கர், கூத்தை ஊரைவிட்டு எடுத்துச் செல்லாது, அவ்வூராரோடே அமர்ந்து, அவர்களே தம் கூத்தின் கதையையும் பாத்திரத்தையும் காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் 'மீளுருவாக்கம்' என்ற முறையை வற்புறுத்தினார். சீலாமுனையில் அதனைச் செய்தும் காட்டினார். ஒரு சாராருக்குக் கூத்து ஒரு கலை வடிவம். மற்றச் சாராருக்கு அது ஒரு சமூகத்தின் வாழ்வு. எமக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவே: பேராதனை மேடை இல்லையேல் எம்மைப் போன்றோர் கூத்தை வெட்கப்பட்டு மறந்திருப்போம். ஊர்க்களரி இல்லையேல் பேராதனை மேடைக்கு ஏறுவதற்கு ஒன்றும் இருந்திராது. ஆயினும் இழப்பின் பக்கம் எது என்று வற்புறுத்திக் கேட்டால், களரி என்றே சொல்வோம். மேடைக்கு நிதி கிடைக்கும். களரிக்கு ஊர் வேண்டும்.

ஊர் இல்லாமற்போன காலத்தையும் நாம் கண்டோம். 2004இன் கடலும் 2006இன் யுத்தமும் கதிரவெளியைக் கலைத்தன. அக்காலத்து இளைஞர் மத்தளம் கேட்கவேண்டிய வயதை முகாம்களிற் கழித்தனர். ஓராண்டு கூத்துத் தவறினால் அடுத்த ஆண்டு ஆடலாம். பல ஆண்டுகள் தவறினால், காலில் இருந்த வித்தை உள்ளவர் முதுமை அடைந்துவிடுவர். கொப்பி இருக்கும், ஆட்டம் இராது. எழுதி வைக்கவும் ஒளிப்படமாய்ப் பதியவும் அளந்து ஆராயவும் சர்வகலாசாலை எமக்குக் கற்பித்திருப்பதன் பயன் இங்கேதான். பொடியடி எத்தனை மிதி, எந்த மிதியில் உடல் திரும்பும் என்று எமது அண்ணாவியார் சொல்லச் சொல்லச் சென்ற விடுமுறையிற் குறிப்பெடுத்தோம். இருபத்துநான்கு அவிநயங்களை யாரோ ஒருவர் அன்று எழுதி வைத்திராவிடின், நஞ்சுண்டோன் நிற்கும் நிலை இன்று எமக்குத் தெரிந்திராது அல்லவா?

பெரியவரின் கேள்விக்கு நேர்விடை: இல்லை ஐயா, ஆட்டம் பழகுவதற்குக் கம்பசுக்குப் போக வேண்டியதில்லை. ஆடுவது ஏன் இப்படி இருக்கிறதென்று கேட்பதற்கே போனோம். கேட்ட கேள்விக்கு விடை களரியில்தான் கிடைத்தது. ஆனால் கேட்கப் பழகியது அங்கே.

அடுத்த கூத்துக்குச் சட்டங்கொடுக்கும் நாள் குறித்தாயிற்று. எமக்குக் கர்ணனும் இல்லை, இராவணனும் இல்லை. எமது காலைப் பார்த்துவிட்டு அண்ணாவியார் கட்டியகாரன் பாத்திரம் தந்திருக்கிறார். களரிக்கு முதலில் வருபவன் அவன்தான். வரவுத் தாளத்தை இப்போது விடுதி அறையிற் சொல்லிப் பழகி வருகிறோம். கீழ்மாடியில் இருப்பவர்கள் இருமுறை முறைப்பாடு செய்துவிட்டார்கள்.